கொழும்புப் பக்கமிருந்து வந்த நெருப்பு

கண்ணாடியைக் கழற்றினால் ஒரு நிலா இரண்டாகத் தெரிகிற வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். ஆனாலும் மேல் லயத்து வரிசை வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் வானத்தில் எது நகர்ந்தாலும் அது இன்னதென்று நாம் சொல்லிவிடுவோம்.

தெஹியோவிட்டவிலிருந்து மேலே ஏறினால் நம் தோட்டம். சுற்றிலும் ரப்பர் மரம் என்பதால் வானம் துண்டு துண்டாகத்தான் தெரியும். அந்த வருடம் லயத்துக்கு எதிர் மலையில் கிழட்டு மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று வைத்திருந்தார்கள். மேற்குப் பக்கம் முழுவதும் ஒரே நாளில் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை. பொழுது சாய்ந்ததும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போகிற வழியில் இருந்த பாறையில் ஏறி உட்காருவோம். பகல் சூடு கல்லில் மிச்சமிருக்கும். பின்னால் லயத்து வீட்டுக் காம்பராக்களிலிருந்து அடுப்புப் புகையும் ரப்பர் ஒட்டுப்பால் காய்கிற நாற்றமும் சேர்ந்து வரும்.

சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிக் கண் சிமிட்டினால் அது கட்டுநாயக்காவில் இறங்கப்போகிற பிளேன். சத்தம் முதலில் வந்து வெளிச்சம் பிறகு வந்தால் ஹெலிகொப்டர். விரலை நீட்டுவதற்குள் காணாமல் போனால் எரிநட்சத்திரம். புத்தருடைய வெசாக் பண்டிகை மாதமென்றால் கீழே சிங்களக் கிராமத்துப் பையன்கள் டிஷ்யூ பேப்பரில் பெரிய பலூன் ஒட்டி, கம்பி வளையத்தில் மண்ணெண்ணெய்த் துணியைக் கட்டிப் பற்றவைத்து விடுவார்கள். அது ஆடி ஆடி மேலே போய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் அணையும். முதலில் பெயர் சொன்னவருக்குத்தான் அது சொந்தம். அந்த வருடம் என் கணக்கில்தான் பிளேன்கள் அதிகம்.

என் அண்ணன் அப்போது கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். பதினாறு வயதில் போனவன். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் போல அவனுக்கும் பிறப்புப் பதிவில் பெயர் பிழையாக இருந்ததால் அடையாள அட்டை வரவில்லை. பொங்கலுக்கு வந்தபோது மூன்று பட்டரி போடுகிற நீளமான டோர்ச் லைட் ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். பாறையிலிருந்து வானத்தைப் பார்த்து அதை அடிப்போம். எங்கேயாவது போய்ப் படும் என்று நினைத்தோம்.

வெசாக் முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. மழை இன்னும் பிடிக்கவில்லை. அடுப்பில் சோறு வேகிற நேரம். கொழும்புப் பக்கத்து மரங்களுக்கு மேலே மஞ்சளாக ஒன்று எழுந்தது.

"வெசாக் பலூன்" என்றான் கங்காணியின் மகன்.

நாம் ஒத்துக்கொண்டோம். ஆனால் பலூன் காற்றுக்கு ஆடும். இது ஆடவில்லை. நேராக நம்மைப் பார்த்து வந்தது. கிட்ட வர வர நீண்டது. முன்னால் பெரிய நெருப்பு ஒன்று, அதன் பின்னால் சின்னச் சின்னதாய்ச் சில, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால். எரிநட்சத்திரம் போல ஓடவில்லை. காம்பராவுக்குள் இருந்தவர்களைக் கூப்பிட்டு அவர்கள் வெளியே வந்து பார்க்கிற அளவுக்கு நேரமிருந்தது. சத்தமே இல்லை. லயத்துக்கு நேர் மேலே வந்தபோது பெரியது இரண்டாக உடைந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி வெளிச்சம் விழுந்தது. பிறகு அது கிழக்கு மலைக்கு மேலே போய் ஒவ்வொன்றாக அணைந்தது.

அம்மா கையில் அகப்பையோடு வாசலில் நின்றாள். கஞ்சி சொட்டிக்கொண்டிருந்தது.

பெயர் சொல்வது அன்றைக்குப் பெரியவர்கள் வேலையாகிவிட்டது. கங்காணி அதைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்றார். கடைசிக் காம்பராவில் இருந்த வேதக்கார அக்கா முழங்கால் போட்டு, கடைசிக் காலம் வந்துவிட்டது என்று ஜெபம் பண்ணினார். அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "ஆமிக்காரன் வெளிச்சக் குண்டு போட்டிருக்கான். வேற ஒண்ணுமில்ல, உள்ள போங்க" என்றார்.

அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சோற்றுப் பானையை இறக்கினாள். எங்களுக்குப் போட்டாள். தனக்குப் போடவில்லை. அப்பா கேட்டதும் சொன்னாள்.

"கொழும்புப் பக்கமிருந்து வந்துச்சு. நம்ம லயத்துக்கு மேல வந்து நின்னு பாத்துட்டுப் போயிருச்சு. நம்ம பெரியவன் செத்துப் போயிட்டான்."

"என்னா பேசுற நீ?"

"வீட்டப் பாத்துட்டுப் போறான்."

அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனார். அம்மா அழவில்லை. சாமித் தட்டிலிருந்த விளக்கை எடுத்து, திரியை அவித்து, மூலையில் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் நம்மையெல்லாம் நிறுத்தி அது எரிகல் என்றார். வானத்திலிருந்து விழுகிற கல், பயப்பட ஒன்றுமில்லை, பார்க்கக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றார். நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். பின்னேரம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மாஸ்டரின் குவாட்டர்ஸ் வாசலில் போய் நின்றாள்.

"அது எங்கங்க ஐயா விழுந்துச்சு?"

"எங்கயும் விழாதும்மா. விழுறதுக்கு முன்னாடியே எரிஞ்சு போயிரும்."

"ஒண்ணும் மிஞ்சாதுங்களா?"

"ஒண்ணும் மிஞ்சாது. நீங்க பயப்படாதீங்க."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அம்மா தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். அன்று முதல் தலை சீவுவதை விட்டுவிட்டாள்.

அதற்கடுத்த நாள் இராணுவம் வந்தது. தோட்டத்திலிருந்து யாரோ எதையோ மேலே சுட்டார்கள் என்று கீழ்க் கிராமத்தில் ஒரு பேச்சு. அதை முந்தின நாளே கேள்விப்பட்ட அப்பா, என் டோர்ச் லைட்டைக் கேட்டு வாங்கினார். வானத்தைப் பார்த்து லைட் அடித்த பிள்ளைகள் என்று யாராவது சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதைக் கக்கூஸ் குழிக்குள் போட்டுவிட்டு வந்து கையைக் கழுவினார். நான் அழுதேன். பளாரென்று ஒன்று வைத்தார். அப்பா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆண்களையெல்லாம் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் வெயிலில் உட்காரவைத்துவிட்டு, புதுக்கன்று மலை முழுவதும் தேடினார்கள். மத்தியானத்துக்கு மேல் ஒருவன் எதையோ கண்டெடுத்தான். கருகிய கம்பி வளையம், அதில் பாதி எரிந்த துணி. வெசாக் பலூனுடைய அடி. பாறையில் உட்கார்ந்திருந்த நம் எல்லாருக்கும் அது என்னவென்று தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் அதை ஒரு சாக்கில் பத்திரமாக வைத்து, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு யாரும் வரவில்லை.

கொழும்பிலிருந்தும் ஒரு செய்தியும் வரவில்லை. மாதம் ஒரு தடவை தோட்டத்து ஸ்டோருக்கு டெலிபோன் எடுத்துக் கணக்கப்பிள்ளையிடம் சுகம் சொல்லும் அண்ணன் அந்த மாதம் எடுக்கவில்லை. லயத்தில் அம்மாவைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். பிறகு பாவம் என்றார்கள். பிறகு அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஒருநாள் காலையில் நான் பிளேன்டீ கொண்டுபோனபோது அம்மா ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். பட்டையில் மெல்லியதாகச் சீவ வேண்டிய கத்தி மரத்துக்குள்ளேயே இறங்கியிருந்தது. பால் சிரட்டைக்குப் போகாமல் மரத்தோடு வழிந்து வேரில் விழுந்தது. அம்மா மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சத்தமாக அல்ல. இருமல் போல வந்தது. நான் டீயைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். கணக்கப்பிள்ளை வந்து மரத்தைக் கெடுத்துவிட்டாள் என்று ஏசினார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள். அதன்பின் அவள் அழுது நான் பார்க்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அப்பாவிடம் சொன்னாள். "போய்ப் பொணத்தயாச்சும் கொண்டு வாங்க."

"அவன் நல்லா இருப்பான். ஒரு போன் எடுக்கலன்னா செத்துட்டானா?"

"அப்ப போய்ப் பாத்துட்டு வாங்க."

அப்பா போகவில்லை. அப்பாவுக்கு மகன்மேல் அக்கறையில்லை என்று பல வருடம் நான் நினைத்திருந்தேன். வழியெல்லாம் சோதனைச் சாவடி. தமிழ் ஆம்பளை, சிங்களம் தட்டுத்தடுமாறும், கொழும்பில் என்ன வேலை என்று கேட்டால் பதிலில்லை. அவருக்குப் பயம். அண்ணனும் தானும் என்ற இருவரில் ஒருவர் திரும்பாமல் போனால் தாங்கலாம், இரண்டு பேரும் போனால் எங்கள் கதி என்ன என்று யோசித்திருப்பார். இதை அவர் வாயால் சொன்னதில்லை. எனக்கு மகன் பிறந்த பிறகுதான் விளங்கியது.

"நான் போறேன். பாப்பா வரட்டும். அதுக்குச் சிங்களம் வரும்" என்றாள் அம்மா.

பீலியில் கிராமத்துப் பிள்ளைகளோடு குளித்துக் குளித்து வந்த சிங்களம். அவிசாவளைக்கு அந்தப் பக்கம் அம்மா போனதே இல்லை. வேதக்கார அக்கா தன் நல்ல சேலையையும் செருப்பையும் கொண்டுவந்து கொடுத்தார். செருப்பு அம்மாவுக்குப் பெரிது. தெஹியோவிட்டவுக்கு இறங்கி வந்து கடையில் அம்மா ஒரு புது வெள்ளை வேட்டி வாங்கிப் பைக்குள் வைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அவிசாவளையில் பஸ் மாறினோம். வழியில் எல்லாரையும் இறக்கிப் பைகளைப் பார்த்தார்கள். பெண்களின் வரிசையில் நின்ற பொலிஸ்காரி, "எங்கே போகிறாய் நங்கி?" என்று தங்கச்சியைக் கூப்பிடுவது போல என்னிடம் சிங்களத்தில் கேட்டாள். "அண்ணாவைப் பார்க்க" என்றேன். விட்டுவிட்டாள்.

சாப்பாட்டுக் கடை முதலாளி எங்களைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வெசாக்குக்கு முந்தியே புடிச்சிட்டுப் போயிட்டாங்கம்மா. சுத்தி வளைச்சு ரவுண்டப். ஐடென்டி கார்ட் இல்லன்னு. நாலஞ்சு பேரக் கொண்டு போனாங்க. நான் எப்புடிங்க சொல்லி அனுப்புறது? எனக்கும் கட இருக்கு."

வெசாக்குக்கு முந்தி. அப்படியானால் அந்த நெருப்பு வந்தபோது அவன் பிடிபட்டுப் பல நாட்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அந்த வித்தியாசத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். 'எங்க இருக்கான்' என்று கேட்கவில்லை.

முதலாளி சொன்ன பொலிஸ் நிலையத்தில் நீண்ட பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. அம்மா பேச, நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும்.

"என்ன வேண்டுமாம்?"

"பொணத்தக் குடுக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

"அண்ணாவைப் பார்க்க வேண்டுமாம்" என்றேன்.

"அவன் இங்கே இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா நிதானமாகச் சொன்னாள். "வானத்துல நெருப்பு வந்துச்சு. நாங்க எல்லாரும் பாத்தோம். அதுலதான் தெரியும்னு சொல்லு."

இராணுவம் சாக்கில் கட்டிக்கொண்டு போன கம்பி வளையம் எனக்கு ஞாபகம் வந்தது. அப்பா கன்னத்தில் அறைந்தது ஞாபகம் வந்தது. 

"அண்ணா டெலிபோன் எடுக்கவில்லை. அதனால் தேடி வந்தோம்" என்றேன்.

"இவ்வளவு நேரம் பேசினாளே, இதுதானா?"

"இதுதான் ஐயா. எங்கள் அம்மா எதையும் நீட்டித்தான் சொல்லுவாள்."

அவர் சிரித்தார். ஒரு கான்ஸ்டபிள் பையைச் சோதித்து வெள்ளை வேட்டியை வெளியே எடுத்துப் பிரித்தான். இது என்ன என்றான். "அண்ணாவுக்குப் புது வேட்டி" என்றேன். அதுவும் பொய்யில்லை. பிறகு உள்ளே போய் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் காதோடு சேர்ந்திருந்தது. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். "அம்மா" என்றான். அம்மா அவன் கால்களைப் பார்த்தாள். நிலத்தில் படுகிறதா என்று பார்ப்பது போல இருந்தது. பிறகு முகத்தைப் பார்த்தாள். கை நீட்டித் தொடவில்லை. நான்தான் போய் அவன் விரலைப் பிடித்தேன். கான்ஸ்டபிள் வேட்டியை அவன் கையில் கொடுத்தான்.

இந்தத் தோட்டத்தில் பிறந்தவன்தான் என்று தோட்ட மேனேஜர் துரையிடமிருந்து எழுதிக்கொண்டு வந்தால் விடுவதாக அந்த ஐயா சொன்னார். சொன்னபடி செய்தார், அதையும் சொல்ல வேண்டும். அன்று வீடு திரும்பி அதைச் சொன்னதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு துரை பங்களாவுக்கு நடந்தார். குசினிப் பக்கம் வெகுநேரம் காத்து நின்று வாங்கிக்கொண்டு வந்தார். நானும் அம்மாவும் மறுபடியும் போனோம். அண்ணன் வெளியே வந்தபோது அந்த வேட்டியைத்தான் கட்டியிருந்தான். போட்டிருந்த களிசான் உடுத்தும்படி இல்லை என்றான். பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுவதும் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் நடுவில். அந்தப் பக்கம் அவன், மடியில் கையை வைத்தபடி.

லயமே வாசலில் நின்றது. வேதக்கார அக்கா தேவனுக்கு நன்றி சொன்னார். அப்பா அண்ணனின் தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. அம்மா உள்ளே போய் உலை வைத்தாள். கங்காணி சிரித்துக்கொண்டே, "பாத்தியா, ஒம் மகன் கல்லு மாதிரி வந்து நிக்கிறான்" என்றார். "ஆமாங்க" என்றாள்.

அண்ணனுக்கு ஒரு காது போய்விட்டது. கொழும்புக்குப் போகவில்லை. தோட்டத்திலேயே பேர் பதிந்து பால் வெட்டினான். அம்மா அவனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். ஆனால் "பெரியவனே" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். "சாப்பிடச் சொல்லு" என்று என்னிடம் சொல்லுவாள், அவன் முன்னாலேயே இருப்பான். விருந்தாளிக்கு வைப்பதுபோல் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

நான் பெரியவளான பிறகு ஒருநாள், பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அண்ணன் வந்துருச்சுல்லம்மா. ஏன் இப்புடி இருக்கீங்க?"

துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள்.

"வந்துட்டான் பாப்பா. யாரு இல்லைன்னா? நான் அழுது முடிச்சிட்டேன். திரும்ப எங்கருந்து எடுக்குறது?"

அதற்குமேல் நான் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. அந்த நெருப்பைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை என்று யாரும் சொல்லாமலே ஆகிவிட்டது.

அப்பா முதலில் போனார். அம்மா போன வருடம் போனாள். கல்யாணம் பண்ணாத அண்ணனோடு அதே காம்பராவில்தான் கடைசிவரை இருந்தாள். படுக்கையில் விழுந்தபின் தூக்கி உட்காரவைத்ததும் கழுவிவிட்டதும் எல்லாம் அவன்தான். காரியம் முடிந்த மறுநாள் பின்னேரம் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். என் மகன் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் அதுவேதான். முன்னால் பெரிய நெருப்பு, பின்னால் சின்னது சின்னதாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால், அவசரமில்லாமல் போகிறது. எந்த நாட்டு வானமோ.

"இது என்னாடா?" என்றேன்.

"பழைய ராக்கெட்டோட துண்டும்மா. மேல சுத்திக்கிட்டே இருந்துட்டு ஒருநாள் கீழ வந்து எரியும். கல்லுன்னா வேகமா போயிரும். இது மெதுவா போகும்."

"இத நாங்க பாத்திருக்கோம். இந்த லயத்துக்கு மேலயே பாத்திருக்கோம்" என்றேன்.

அண்ணன் நல்ல காதை என் பக்கம் திருப்பினான். "எப்ப?"

"நீ உள்ள இருந்தப்ப."

"என்னாது? எனக்கு யாரும் சொல்லலியே."

முப்பது வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. இவனுக்குத் தெரியாது என்பது அந்த நிமிடம்வரை எனக்கும் தெரியாது. எல்லாருக்கும் தெரிந்த கதை, ஆகவே அவனுக்கும் தெரியும் என்றே இருந்துவிட்டோம். நான் சொன்னேன். அகப்பையோடு நின்றதை, விளக்கைக் கவிழ்த்ததை, மரத்தில் நெற்றியை வைத்து அழுததை, வேட்டி எதற்கு வாங்கினாள் என்பதை, பீலியில் சொன்னதை.  பீடி அவன் விரலிலேயே எரிந்து முடிந்தது.

"நான் புடிபட்டது அம்மாவுக்கு வெக்கம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றான். "அதான் மொகம் பாக்க மாட்டேங்குறாங்கன்னு."

பிறகு, "மரத்துல சாஞ்சு அழுதாங்களா?" என்றான்.

"ஆமா."

"ரொம்ப நேரமா?"

"நான் டீ கொண்டு போனதுலருந்து கணக்கப்பிள்ள வர்ற வரைக்கும்."

தலையாட்டினான். "எந்த மரம்னு தெரியுமா ஒனக்கு?"

தெரியாது என்றேன். அம்மா பால் வெட்டிய மலையிலிருந்த மரங்களையெல்லாம் வெட்டிப் புதுக்கன்று வைத்துப் பல வருடமாகிறது. அது அவனுக்கும் தெரியும். வெட்டியவர்களில் அவனும் ஒருவன்.